ஒரு சைஸ் பெரிய பூட்ஸ்

ஆகஸ்ட் 6

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே அப்பாவின் முதுகுவலியைத் தவிர எல்லாரும் சுகம். முதுகுவலியும் சுகமாகத்தான் இருக்கிறது, போகிற வழியைக் காணோம் என்கிறார் அம்மா. உங்கள் இருமல் எப்படி? துணி துவைக்கும் அறையில் ஆவி அதிகம் என்றீர்களே, ஜன்னல் வைத்துத் தந்தார்களா?

போனில் பேசினால் முதலில் அப்பா பிடுங்கிக்கொள்கிறார், பிறகு அம்மா. எனக்குக் கிடைப்பது "நல்லாப் படி" என்கிற அரை நிமிடம்தான். கடிதத்தை யாரும் பிடுங்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் வேலை பார்க்கிற கால்பந்து அணிக்கு எங்கள் தெருவில் ரசிகர் மன்றமே இருக்கிறது. தலைவர் சலூன் மாமா. அவர் கடையில்தான் பெரிய டி.வி. ஆட்டம் ஓடும்போது முடிவெட்டப் போனால் காது பத்திரம்! இரண்டு மாதமாக நான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு முழுத்தாளில் 'ஆட்டக் குறிப்பு' எழுதி அந்தக் கடைச் சுவரில் ஒட்டுகிறேன். எந்த நிமிடத்தில் யார் என்ன செய்தார், ஆளுக்குப் பத்துக்கு எவ்வளவு மதிப்பெண், எல்லாம் இருக்கும். "பாப்பா எழுதுறதைப் படிச்சா டி.வி.யே வேண்டாம்" என்றார் சலூன் மாமா. அப்பா அதைப் பஸ் டெப்போவில் எல்லா மெக்கானிக்கிடமும் சொல்லி முடித்துவிட்டார்.

எங்கள் மன்றமே கொக்குக்காகத்தான். அந்த நீளக் கால்காரரை அங்கேயும் கொக்கு என்றுதான் கூப்பிடுவீர்களா? இந்த வருடம் அவர் எல்லா ஆட்டமும் ஆடினால் கோப்பை நமக்குத்தான் என்கிறார் அப்பா.

மூன்று கேள்விகள். ஒன்று, ஒரு ஆட்டத்துக்கு எத்தனை துணி துவைப்பீர்கள்? இரண்டு, ஆட்டக்காரர்கள் உங்களோடு பேசுவார்களா? மூன்று, கொக்கு இடது பூட்ஸில் மட்டும் மேலே இரண்டு துளைகளை விட்டுவிட்டு லேஸ் கட்டுகிறார். டி.வி.யில் பார்த்தேன். அவருக்குக் கால் வலிக்கிறதா?

உங்கள் பதிலுக்குத் தபால்காரரை முறைத்துக்கொண்டிருக்கும்,
அண்ணன் மகள்


ஆகஸ்ட் 19

கண்ணு,

உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது. நான் நன்றாக இருக்கிறேன். ஜன்னல் வரவில்லை. இருமல் இருக்கிறது, ஆனால் எங்களுக்குள் பழகிவிட்டது.

முதல் கேள்வி. ஒரு ஆட்டத்துக்குச் சட்டை, கால்சட்டை, காலுறை, துண்டு எல்லாம் சேர்த்து முந்நூறுக்குக் குறையாது. கழற்றிய காலுறையைத் திருப்பி நேராக்காமல் அப்படியே போடுவான்கள். கோடிக் கணக்கில் சம்பளம் வாங்குகிறவனுக்குக் காலுறை கழற்றத் தெரியாது.

இரண்டாவது. பேசுவார்கள். தோற்ற அன்று அதிகம் பேசுவார்கள். கொக்கு எல்லா நாளும் பேசுவான். இங்கேயும் அவன் பெயர் கொக்குதான்.

மூன்றாவது. அவனுக்கு முன்பு இரண்டு காலும் ஒன்பதாம் சைஸ். இப்போது இடது காலுக்குப் பத்து கொடுக்கிறேன். வலது ஒன்பதேதான். புது பூட்ஸ் இறுக்கமாக இருந்தால் நானே ஈரத்துணி சுற்றி, இரண்டு நாள் போட்டுக்கொண்டு நடந்து இளக்கித் தருவேன். பத்தாம் சைஸில் என் கால் படகில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

அண்ணனை மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுக்கச் சொல். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் சித்தப்பா


செப்டம்பர் 2

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இருமலோடு பழகிவிட்டேன் என்று எழுதியதை அம்மா ரசிக்கவில்லை. டாக்டரிடம் போகச் சொல்கிறார். நாங்கள் நலம்.

மூன்றாம் கேள்விக்கு நீங்கள் சைஸைச் சொல்லியிருக்கிறீர்கள், வலிக்கிறதா என்று சொல்லவில்லை. பரவாயில்லை, நானே யோசித்துக் கண்டுபிடித்துவிட்டேன்! பூட்ஸ் பெரிதாக இருந்தால் உள்ளே கால் கொஞ்சம் நகரும். நகர்ந்தால் பந்தில் படும்போது ஒரு சுழற்சி கிடைக்கும். அதனால்தான் அவருடைய ஃப்ரீ கிக், தடுக்க நிற்கிற ஆட்களின் சுவரைச் சுற்றிக்கொண்டு போகிறது. இயற்பியல் டீச்சரிடம் கேட்டேன். "யோசிக்க வேண்டிய விஷயம்" என்றார்.

இந்த வார ஆட்டக் குறிப்பில் நடுவில் பெட்டி கட்டி எழுதினேன்: 'கொக்கின் ரகசியம்: இடது பூட்ஸ் ஒரு சைஸ் பெரிது!' சலூனில் ஒரே கூட்டம். "சித்தப்பா உள்ள இருக்காருல்ல, அதான் பாப்பாவுக்கு எல்லாம் தெரியுது" என்றார் சலூன் மாமா. தாடி எடுக்க வந்த ஒருவர் படம் எடுத்து இணையத்தில் எங்கோ போட்டுவிட்டார். நாலாயிரம் பேருக்கு மேல் பார்த்துவிட்டார்களாம். என் எழுத்தை நாலாயிரம் பேர்!

உங்களுக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைக்கும்,
அண்ணன் மகள்


செப்டம்பர் 28

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? உங்கள் பதில் வரவில்லை. போனிலும் கிடைக்கவில்லை என்று அப்பா சொன்னார். இங்கே நாங்கள் நன்றாக இருக்கிறோம்.

போன ஞாயிறு ஆட்டத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். அந்தத் தடுப்பாட்டக்காரர் கொக்கின் இடது காலையே மிதித்தார். 19-ஆம் நிமிடம், 44, 71. மூன்றும் பந்து வேறு பக்கம் இருக்கும்போது. டி.வி.யில் பேசுகிறவர் சிரித்துக்கொண்டே "அந்தப் பெரிய பூட்ஸ்தான் குறி போலிருக்கு" என்றார். அவருக்கு அது எப்படித் தெரியும் சித்தப்பா?

மூன்றாவது தடவை கொக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாலு நிமிடத்தில் திரும்பி வந்தார். சலூன் முழுக்கக் கைதட்டல். புதன்கிழமை மறுபடி ஆடினார். அன்று ஓடவே இல்லை. நம் மைதானத்திலேயே, நம் ஆட்களே விசிலடித்தார்கள். எங்கள் சலூனில்கூட ஒருவர் "நொண்டிக் கொக்கு, வெளிய போ!" என்று கத்தினார். அப்பா எழுந்து வந்துவிட்டார்.

நான் எழுதியதாலா? ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தை எழுதினால் போதும்.

அண்ணன் மகள்


அக்டோபர் 9

கண்ணு,

நலம். இங்கே வாரத்துக்கு மூன்று ஆட்டம். துணி காய நேரமில்லை. மழை வேறு.

நீ பரீட்சைக்குப் படி. இனி யாருடைய காலைப் பற்றியும் எழுத வேண்டாம்.

அண்ணனுக்குச் சூடாக ஒத்தடம் கொடுக்கச் சொல்.

சித்தப்பா


நவம்பர் 24

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா என்று கேட்க மாட்டேன். நலம் என்றுதான் எழுதுவீர்கள்.

ஆட்டக் குறிப்பு எழுதுவதை நிறுத்தி ஆறு வாரம் ஆகிறது. சுவரில் செவ்வகமாக ஒரு வெளுப்பு மட்டும் இருக்கிறது. பரீட்சை நன்றாக எழுதினேன்.

கைக்கடிகாரக் கம்பெனிக்காக நடந்த காட்சி ஆட்டத்தை எல்லாரும் பார்த்தோம். கோப்பைக்கும் புள்ளிக்கும் சம்பந்தமில்லாத ஆட்டம். எட்டு நாளில் அவருக்கு அது நாலாவது. கொக்கு ஒரு மணி நேரமாவது மைதானத்தில் நின்றாக வேண்டும் என்று கம்பெனியோடு ஒப்பந்தமாம். ஐம்பத்திரண்டாவது நிமிடம் அவர் விழுந்தபோது பக்கத்தில் யாருமே இல்லை சித்தப்பா. அவர் திரும்பினார், அவ்வளவுதான்.

நேற்று உங்கள் கிளப் அறிக்கை விட்டிருக்கிறது. சீசன் ஆரம்பத்திலிருந்தே இருந்த காயத்தை அவர் கிளப்பிடம் மறைத்துவிட்டாராம். அதனால் ஒப்பந்தம் ரத்தாம், ஆபரேஷன் அவர் பொறுப்பாம். சலூனில் பாதிப்பேர் நம்பிவிட்டார்கள். "நம்மளையே ஏமாத்திட்டான்யா" என்று ஒருவர் அழாத குறை. சலூன் மாமா கொக்கு படத்தைக் கழற்றிக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

நான் வீட்டுக்கு வந்து உங்கள் பழைய கடிதத்தைத் தேடி எடுத்தேன். ஆகஸ்டில் நீங்கள் பத்தாம் சைஸ் என்று எனக்கு எழுதினீர்கள். உங்களுக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாதா?

அண்ணன் மகள்


டிசம்பர் 8

கண்ணு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். உடம்பு பரவாயில்லை. உங்கள் எல்லாருக்கும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கேள்விக்குப் பதில்: எல்லாருக்கும் தெரியும். ஜூலை மூன்றாவது வாரமே அவன் பாதம் வீங்கியது. நான்தான் முதலில் பார்த்தேன். காலுறையைக் கழற்றினால் அதன் பின்னல் அப்படியே தோலில் பதிந்திருக்கும். டாக்டரிடம் சொன்னேன். "ஒரு சைஸ் ஏத்திக் கொடுங்க" என்றார். பூட்ஸ் அறையில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. எந்த எண்காரனுக்கு எந்தக் காலுக்கு என்ன சைஸ் என்று நான் எழுதுவேன். திங்கட்கிழமை தோறும் டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். மேனேஜரும் அதே அறை வழியாகத்தான் போவார் வருவார்.

ஆட்டத்துக்கு முன்னால் பாதத்தில் ஊசி போடுவார்கள். இரண்டு மூன்று மணி நேரம் மரத்துப் போகும். லேஸ் இறுக்கமா தளர்வா என்று அவனுக்கே தெரியாது. "அண்ணே, நீங்க கட்டிவிடுங்க" என்பான். நான் கட்டினேன். ஜூலையிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நான்தான் கட்டினேன்.

அந்தத் தடுப்பாட்டக்காரன் நீ எழுதியதைப் பார்த்துத்தான் மிதித்தான். இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் எலும்பு அதற்கு முன்பே விரிசல் விட்டிருந்தது. நீ செய்தது தப்பே இல்லை என்று எழுத மாட்டேன். பெரிய தப்பு உன்னுடையது இல்லை என்று எழுதுகிறேன். "யாரிடமும் சொல்லாதே" என்று நான் உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதினால் அது ரகசியம் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனால் எழுதவில்லை. படகு, கிடகு என்று ஏதோ வேடிக்கை எழுதினேன்.

இப்போது போட்டிகளை நடத்துகிற லீக்கிலிருந்து விசாரணை வைத்திருக்கிறார்கள். கிளப்புக்கு முன்பே தெரியும் என்று முடிவானால் ஆபரேஷனைக் கிளப்தான் பார்க்க வேண்டும். பொங்கலுக்குள் செய்யாவிட்டால் கால் கோணலாகவே கூடிவிடும், கோல் ஊன்றித்தான் நடப்பான் என்கிறார்கள். அவன் அப்பா வீட்டை விற்க ஆள் தேடுகிறார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். நாற்காலி போட்டார். பத்தொன்பது வருடத்தில் முதல் நாற்காலி. "செப்டம்பர்ல டி.வி.ல பேசினது வெறும் வதந்தி, நவம்பர்லதான் சைஸ் மாத்தினேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்" என்றார். பூட்ஸ் அறைக்குப் போய்ப் பார்த்தால் பலகை புதுசு. பளபள என்று இருக்கிறது, ஒரு கோடுகூட இல்லை.

பதினெட்டாம் தேதி போக வேண்டும். என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

சித்தப்பா


டிசம்பர் 12

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இது விரைவுத் தபால். எல்லாரும் நலம், அதை ஒரே வரியில் முடித்துக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தை அப்பாவிடமும் அம்மாவிடமும் காட்டினேன். மன்னியுங்கள், தனியாக வைத்துக்கொள்ள முடியவில்லை. அப்பா இரண்டு தடவை படித்தார். "இந்த வயசுல வேலை போனா எங்க போவான்? ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டு வரட்டும்" என்றார். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். "நீங்க எல்லாரும் கத்தினப்ப நான் உள்ள இருந்தேன். எனக்கு ஆஃப்சைடுன்னா என்னன்னே தெரியாது. அந்தப் பையன் கால் நேராகுமா ஆகாதா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார். அப்பா கடிதத்தை என்னிடம் திருப்பித் தந்தார். "அவனையே முடிவு பண்ணச் சொல்லு" என்றார்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். புதன்கிழமை ஆட்டம், விசிலடித்தார்களே, அன்றைக்குக் குறிப்பில் கொக்குக்கு நான் பத்துக்கு மூன்று போட்டேன். 'சோம்பல்' என்று எழுதினேன். அழகான கையெழுத்தில்.

பலகை போய்விட்டது, ஆனால் உங்கள் ஆகஸ்ட் கடிதம் என்னிடம் இருக்கிறது. தேதி இருக்கிறது, உறையில் தபால் முத்திரை இருக்கிறது. அதை விசாரணைக்கு அனுப்பினால் போதும், நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு தடவை உங்களைக் கேட்காமல் சுவரில் ஒட்டினேன். இந்தத் தடவை கேட்கிறேன். அனுப்பட்டுமா?

அண்ணன் மகள்


ஜனவரி 27

கண்ணு,

ஒரு மாதத்துக்கு மேல் உன்னைக் காக்க வைத்துவிட்டேன். "அனுப்பாதே" என்று ஒரே சொல்லில் தந்தி மாதிரி போன் செய்தேனே தவிர, காரணம் சொல்லவில்லை. காரணம் இதுதான். காகிதம் போய்ச் சொன்னால், நான் வாயைத் திறக்கவில்லை என்பது அப்படியே இருக்கும்.

பதினெட்டாம் தேதி போனேன். நீள மேஜை, மூன்று பேர். "உங்க வேலை என்ன?" என்றார் நடுவில் இருந்தவர். "அழுக்கு எடுக்கிறது" என்றேன். சிரித்தார்கள். சைஸ் எப்போது மாற்றினீர்கள் என்றார்கள். ஜூலை மூன்றாவது வாரம் என்றேன். யார் சொல்லி என்றார்கள். சொன்னேன். ஊசி, லேஸ் எல்லாம் சொன்னேன். "நீங்களே கட்டினீங்களா?" என்று அந்த ஓரத்தில் இருந்த அம்மா கேட்டார். "ஆமாம்மா, நான்தான்" என்றேன். அதுதான் கஷ்டமாக இருந்தது. மற்றதெல்லாம் தானாக வந்துவிட்டது. நான் சொன்ன பிறகு உடம்பு பிடித்துவிடுகிற பையனும் போய் அதையே சொல்லியிருக்கிறான்.

படியிறங்கும்போது மேனேஜர், "பத்தொன்பது வருஷம் கூட இருந்துட்டு இப்படிப் பண்ணிட்டீங்களே" என்றார். "பத்தொன்பது வருஷமா பண்ணாததைத்தான் சார் பண்ணேன்" என்றேன். சாவியை அன்றைக்கே வாங்கிக்கொண்டார்கள்.

கிளப்தான் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பாகி, ஒன்பதாம் தேதி ஆபரேஷன் முடிந்தது. கால் நேராகிவிடும். நடப்பான். பந்து ஆட மாட்டான். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். "அண்ணே, நீங்க கட்ட மாட்டேன்னு சொல்லியிருந்தா, நான் வேற யாரையாவது கட்டச் சொல்லியிருப்பேன்" என்றான். எனக்கு ஆறுதலுக்காகத்தான் சொன்னான். எனக்கு அது ஆறுதலாகவும் இல்லை, அடியாகவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ போய் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு ஓட்டலில் சலவைப் பிரிவில் சேர்ந்திருக்கிறேன். மேஜை விரிப்பு, கைத்துண்டு. உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் இவ்வளவு கறை ஆக்குவார்கள் என்று எனக்குத் தெரியாது. இங்கே ஜன்னல் மூன்று. அண்ணனிடம் கவலைப்பட வேண்டாம் என்று சொல்.

சித்தப்பா


பிப்ரவரி 20

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

மூன்று ஜன்னலும் இருமலுக்கு நல்லது என்று அம்மா சந்தோஷப்பட்டார். "என் தம்பி அப்படித்தான்" என்று அப்பா இப்போது டெப்போவில் சொல்லிக்கொண்டிருக்கிறார். டிசம்பரில் வேறு சொன்னாரே என்று நான் ஞாபகப்படுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். கொக்கு இல்லாமலே நம் அணி வந்துவிட்டது. நாலு மணிக்கு எல்லாரும் வழக்கம்போல சலூனுக்கு வந்தார்கள். முப்பது பேர் இருக்கும். சலூன் மாமா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "போடட்டுமா?" என்றார். யாரும் போடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சிலர் எழுந்து வேறு எங்கோ பார்க்கப் போய்விட்டார்கள். மற்றவர்களுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மூன்று பேர் தேவையில்லாமல் முடிவெட்டிக்கொண்டார்கள்.

எங்கள் பள்ளி மைதானத்தில் அன்றைக்குப் பெண்கள் ஆட்டம், என் வகுப்புத்தோழி கோல்கீப்பர், நான் கிளம்புகிறேன் என்றேன். "நாங்களும் வர்றோம்" என்று அப்பா எழுந்தார். இருபது பேர் என் பின்னால் வந்தார்கள் சித்தப்பா! ஆட்டம் பார்க்க அதுவரை ஒன்பது பேர்தான் இருந்தார்கள், அதில் ஒருவர் வாட்ச்மேன்.

வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? "மூணாம் நம்பர், தூங்காத!" "நடுவர் அம்மா, கண்ணாடியைத் துடைச்சுக்கங்க!" அந்த நடுவர் அம்மா எங்கள் விளையாட்டு டீச்சர். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாமா என்று இருந்தது.

இரண்டாம் பாதியில் என் தோழி ஒரு பந்தைப் பிடிக்கத் தாவி, கணுக்கால் மடங்கி விழுந்தாள். அடுத்த நொடி இருபது பேரும் எழுந்து, "நிறுத்து! ஆட்டத்தை நிறுத்து!" என்று ஒரே குரலில் கத்தினார்கள். டீச்சர் விசிலை வாயில் வைப்பதற்குள் சலூன் மாமா கயிற்றைத் தாண்டி உள்ளே ஓடிவிட்டார். அவள் முன்னால் மண்டியிட்டு, "பாப்பா, இது எத்தனை விரல்?" என்றார்.

"அங்கிள், அடி கால்ல. கண்ணுல இல்ல. நீங்க யாரு? வெளிய போங்க!"

டீச்சர் வந்து பூட்ஸைக் கழற்றிப் பார்த்தார். "வலிக்குதா?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள், கோல் கம்பத்தைப் பார்த்தாள். அதுவரை நாங்கள் ஒரு கோல் முன்னிலை. நம் ஆட்கள் இருபது பேரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"வலிக்குது மிஸ்" என்றாள்.

"அப்ப வா வெளிய."

அவளுக்குப் பதிலாகப் போனவள் சின்னப் பெண், எட்டாம் வகுப்பு. மூன்று கோல் வாங்கினாள். நாங்கள் தோற்றோம்.

தோழி நொண்டிக்கொண்டு வெளியே வரும்போது நம் ஆட்கள் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கோலுக்குக்கூட அப்படித் தட்டவில்லை. சலூன் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் அழுகையும் கோபமுமாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கேலி செய்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். "எதுக்குடி கைதட்டுறாங்க? நான் ஒண்ணுமே பண்ணலையே!" என்றாள்.

சொல்ல ஆரம்பித்தால் ஆகஸ்டிலிருந்து சொல்ல வேண்டும். அவள் கணுக்காலில் டீச்சர் கட்டியிருந்த ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. அவள் காலை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

விடுமுறைக்கு நீங்கள் வருவீர்கள் என்று நம்பும்,
அண்ணன் மகள்